கையை எடுங்க அண்ணி

நாற்பதைத் தாண்டிப் பல வருடம் ஆகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அண்ணன் வைத்தது. ஆஸ்பத்திரியில் எதிரே நின்று கூப்பிட்டால் சிஸ்டர். முதுகுக்குப் பின்னால் கத்திரி. மூன்றில் அதுதான் பொருத்தம். பேச்சு அப்படி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

அவள் வேலை பார்த்தது வலி தணிப்பு வார்டில். இனி குணமாகாது என்று டாக்டர்கள் கைவிரித்தவர்களை, இருக்கிற வரைக்கும் வலியில்லாமல் வைத்துக்கொள்ளும் இடம் அது. கைவேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றினால் நோயாளி முனகக்கூட மாட்டார். வாயைத் திறந்தால்தான் வினை. ஒரு நாள் லிஃப்ட் வாசலில் ஒரு அம்மாள், கணவருக்கு வாங்கிய புதுச் சட்டையைப் பிரித்துக் காட்டி, அளவு சரியாக இருக்குமா என்று கேட்டாள். பாப்பா சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பில்லு வெச்சிருக்கீங்களா? திருப்பிக் குடுத்துடுங்க. அவரு இனிமே போடமாட்டாரு."

சொன்னதில் பொய்யில்லை, அவர் மறுநாளே போய்விட்டார். ஆனால் அவர் சாகப்போகிறார் என்று அந்த அம்மாளுக்கு அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை. லிஃப்ட் வந்து திறந்து மூடிக்கொண்டு போனது, அவள் சட்டையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

புகார் போனது. மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் இருக்கு. நம்ம மாதிரி வார்டுல வேலை செய்றவங்களுக்குன்னே நடத்துறாங்க. கெட்ட செய்திய எப்படிச் சொல்றதுன்னு அதுல ஒரு பாடம். அதை பாஸ் பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா துணி வெளுக்கிற பக்கம் மாத்திடுவேன். அங்க போர்வைங்கதான் இருக்கும், நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கும்."

"வகுப்பு எப்ப மேடம்?"

"உங்க வசதிப்படி எப்ப வேணாலும் படிக்கலாம். அதானே அதுல சௌகரியம்."

எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் எப்போது பார்த்தாலும் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அர்த்தம். பாப்பா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படித்தாள். குழாயடியில் வாளி நிரம்புவதற்குள் படித்தாள். பாடம் நடத்தும் ஒரு குளிர்ந்த குரல் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தது: உட்கார்ந்து பேசுங்கள். போனை அணைத்துவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள். சொல்லி முடித்ததும் சும்மா இருங்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் அவளுக்குப் பிறவியிலேயே வராது.

பரீட்சை வீட்டிலேயே. யாரையாவது நோயாளியாக உட்காரவைத்து, அவரிடம் செய்தியைச் சொல்லி, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நிஜ நோயாளிகளை வைத்து எடுக்கக் கூடாது, நடிப்புதான். நோயாளிக்கு என்ன வியாதி என்பதையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள்: நுரையீரலில் கட்டி.

அண்ணனுடைய வீட்டில்தான் பாப்பா இருந்தாள். அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னாள். கரும்பு தின்னக் கூலியா? மாடி வீட்டுக்காரர் தும்முகிற மாதிரி தும்மி, அவர் பெண்டாட்டியையே ஏமாற்றியவள் அண்ணி. ஒரே மகளைக் கடல் தாண்டிக் கட்டிக் கொடுத்திருந்தாள். மகள் கர்ப்பமாக இருந்தாள். அண்ணி அந்தப் பிரசவத்துக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு, அதுவரைக்கும் பொழுது போகாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் இரண்டு நாற்காலி. சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்த போன். போனை அணைக்கச் சொல்லிக் கொடுக்கும் பாடத்துக்குப் போனில்தான் பரீட்சை. அண்ணி சால்வையைப் போர்த்திக்கொண்டு இருமினாள். பாப்பா செய்தியைச் சொன்னாள். அனுப்பினாள். அந்தக் குரல் பதில் அனுப்பியது: "செய்தி தெளிவாக இருக்கிறது. கருணை தெரியவில்லை. மறுபடி முயலுங்கள்."

"கருணை தெரியலையாமா?" என்றாள் அண்ணி. "அடுத்த தடவை லைட்டைப் போட்டு எடுத்துப் பாப்போம்."

மறுபடி எடுத்தார்கள். அதற்கும் அதே பதில். எத்தனை தடவை பெயிலானாள் என்று இருவருமே மறந்துபோனார்கள். இடையில் ஒரு தடவை, பாப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணியின் கை விலா எலும்புக்குக் கீழே போய் அழுத்திப் பிடித்தது. உடம்பு கொஞ்சம் முன்னால் வளைந்தது.

"கையை எடுங்க அண்ணி. உங்களுக்கு நுரையீரல்ல வியாதி. வயித்தைப் பிடிச்சா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"இல்ல பாப்பா, அங்கதான் என்னமோ பிடிக்குது."

"இருமுங்க."

அண்ணி கையை எடுத்துவிட்டு இருமினாள். அருமையாக இருமினாள். அடுத்த முறையும் கை அங்கேயே போனது, அதற்கு அடுத்த முறையும். "ஓவரா நடிக்காதீங்க," என்று பாப்பா கடிந்துகொண்டாள். அண்ணியின் ரவிக்கை தோளில் தொளதொளத்தது. "வேஷத்துக்காக உடம்பைக் குறைச்சிருக்கேன், பாத்தியா?" என்று அவள் கேட்க, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வார்டில் ஒருவர் புருவத்தைச் சுளிப்பதை வைத்தே எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள் பாப்பா. அவள்தான் வீட்டில் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிருந்தும் குருடு என்று இவளைச் சொல்லாமல் யாரைச் சொல்வது? எனக்கு வாயில் வேறு வார்த்தை வந்தது, எழுதவில்லை.

ஒரு வழியாகப் பாஸானாள். அந்த வீடியோவில் பாப்பா நிதானமாகப் பேசுகிறாள். சொல்லி முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அண்ணியின் கை மறுபடி விலாவுக்குக் கீழே போகிறது. போன் ஓடிக்கொண்டிருந்ததால் பாப்பா வாயால் சொல்லாமல் கண்ணாலேயே அதட்டினாள். அண்ணி கையை எடுத்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. "கண்ணாலேயே நோயாளிக்கு ஆறுதல் சொன்னது சிறப்பு. நோயாளியாக நடித்தவரின் வலி மிக இயல்பு," என்று பதில் வந்தது. இனி வரும் மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்ட அந்த வீடியோவை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா இப்ப நடிகை," என்றாள்.

பிறகு அண்ணியின் கண் மஞ்சளாயிற்று. ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் போய்விட்டது. தாழ்வாரத்தில் வைத்து டாக்டர் அண்ணனிடமும் பாப்பாவிடமும் சொன்னார். இன்னும் சில மாதங்கள், அதிலும் நடமாட்டம் முன்பாதியில் மட்டும்.

"அவகிட்ட மூச்சு விடாதே," என்றான் அண்ணன். "பேரப்புள்ளையை நினைச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்கா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"டிக்கெட் பிரசவத்துக்குல்ல போட்டிருக்கு? அப்ப இவங்களால எழுந்து உக்காரவே முடியாது. இப்பவே கிளம்பினாத்தான் மகளைப் பாக்க முடியும் அண்ணா. ஏன் முன்னாடியே போகணும்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவ?"

"நீ சொன்னா அந்த நிமிஷமே செத்துடுவா. உன் வாயைப் பத்தி ஊருக்கே தெரியும்."

"நான் கத்துக்கிட்டேன் அண்ணா."

அண்ணன் வேலைக்குப் போன ஒரு பகல் பொழுதில் அவள் சமையலறையில் நாற்காலிகளைப் போட்டாள். பக்கவாட்டில், முழங்கால்கள் தொடாத தூரத்தில். போனை அணைத்து அலமாரியில் வைத்தாள். அண்ணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அண்ணி, உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்னு சொல்லுங்க."

அண்ணி சிரித்தாள். "ஏன், குடுத்த மார்க்கைப் பிடுங்கிட்டாங்களா? மறுபடி எடுக்கணுமா?" பதிலுக்குக் காத்திருக்காமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருமினாள். "மூச்சு வாங்குது சிஸ்டர். ராத்திரியில தூக்கமில்ல சிஸ்டர்."

"அண்ணி, நான் கொஞ்சம் கஷ்டமான விஷயம் ஒண்ணு சொல்லப்போறேன்."

"சொல்லுங்க சிஸ்டர். என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவரு தாங்கமாட்டாரு." இது ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லும் வசனம். சொல்லிக்கொண்டே, முகம் படத்தில் சரியாக விழுகிறதா என்று சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். அங்கே டப்பா மட்டும் இருந்தது.

"போன் எங்க பாப்பா?"

"அணைச்சு வெச்சிருக்கேன்."

அண்ணி இன்னும் ஒரு தடவை இருமினாள். அது சரியாக வரவில்லை. பிறகு மெதுவாகத் தன் கையை விலாவுக்குக் கீழே கொண்டுபோய் அழுத்தி வைத்துக்கொண்டு, நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். கையை எடுங்க என்று அவள் சொல்வதற்காகக் காத்திருந்தாள். பாப்பா சொல்லவில்லை.

"முதல் வீடியோ எடுக்கும்போதே வலிச்சுது," என்றாள் அண்ணி.

பாப்பா சும்மா இருந்தாள். பாடத்தில் சொன்னபடி இருந்தாளா, நாக்கு எழவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அன்னிக்கே நீ என்னன்னு கேட்டிருந்தா?"

இதற்குப் பாடத்தில் பதில் உண்டு. வருத்தமாக இருக்கிறது என்று சொல்லலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், இப்போது அதை யாராலும் சொல்ல முடியாது என்று நழுவலாம். பாப்பாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. வாயில் வந்தது வேறு.

"ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்."

அண்ணி தலையாட்டினாள். "இது பழைய பாப்பா," என்றாள். "டிக்கெட்டை முன்னாடி மாத்தச் சொல்லு உங்கண்ணன்கிட்ட. என்னை ஒண்ணும் கேக்க வேணாம்னும் சொல்லிடு," என்று எழுந்துபோனாள். சால்வை நாற்காலியிலேயே கிடந்தது.

அண்ணி மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், குழந்தை உதைப்பதைத் தொட்டுத் தெரிந்துகொண்டாள். அதன் முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு தங்கையிடம் பேசுவதில்லை. நீதான் சொல்லிக் கொன்றாய் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். கேட்காமல் கொன்றது அவனுக்குத் தெரியாது. அதை மட்டும் பாப்பா அவனிடம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லவில்லை.

வார்டில் அவளுக்கு நல்ல பெயர் வந்தது. கோர்ஸ் முடித்து ஆளே மாறிவிட்டாள் என்று மேட்ரன் மற்ற நர்சுகளையும் அதில் சேர்த்துவிட்டாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மூன்று பிள்ளை பெற்ற ஒரு நர்ஸ், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் போனுமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். போனில் அண்ணி இருமினாள்.

"உங்க வீடியோதான் சிஸ்டர். உங்கண்ணி என்னமா நடிக்கிறாங்க. இதுல ஒரு கேள்வி கேட்டிருக்கான், எனக்குப் புரியல. நோயாளியின் கை எங்கே போகிறது, செவிலியர் அதைப் பற்றிக் கேட்டாரா இல்லையா அப்படின்னு. என்ன பதில் போடறது?"

பாப்பா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"கேக்கலைன்னு போடு," என்றாள்.

அவள் போட்டாள். சரியான விடை என்று போன் சொன்னது.