பரிசலில் வந்த கடற்படை

பேருந்துக்கு நேரமிருப்பதால் பரமத்தி வேலூர்க் காவிரிக்கரையில் நிற்கிறேன். ஆற்று நடுவிலுள்ள புல்திட்டு எவர்க்கு உரியதென்று இரு கரை ஊரினரும் பூசலிடுகின்றனர். இக்கரையாருக்குத் துணைநிற்கத் தலைவர் ஒருவர், கொடி கட்டிய பரிசல்கள் சூழத் திட்டை நோக்கிச் செல்கிறார்.

"நம்ம கடற்படை கெளம்பிருச்சு! அதோ, அந்தக் கரைக்காரனுக்கு ஒரு புல்லுகூடக் கெடையாது!" என்று ஒலிபெருக்கியில் முழங்கி விரலை நீட்டுகிறார். பரிசலோ சுழலும் இயல்பினது. நீட்டிய விரல் எங்களையே சுட்டுகிறது. அக்கரையில் கைதட்டல் எழுகிறது.

அருகில் ஆடுகளோடு நிற்கும் பெண்மணி திகைக்கிறார். அவற்றுக்கு அத்திட்டின் புல்லே தீனி.

"ஏனுங்க சாமி, நம்மளுக்குத்தான் புல்லு இல்லீங்கறாரா?"

"இல்லையம்மா, பரிசல் சுற்றிவிட்டது. அவர் அக்கரையாரைத்தான் சொல்கிறார்."

"அவரு சுத்தி முடிக்கற வரைக்கும் ஆடு பட்டினி கெடக்கோணுமுங்களா?"

இன்னும் கரையில் நிற்கும் கடைசிக் கொடிப் பரிசலில் அந்தப் பெண்மணி ஆடுகளை ஏற்றித் தாமும் ஏறுகிறார்.

"அக்கா, கொடியத் தின்னுறப் போவுது, புடிச்சுக்குங்க!" என்கிறார் பரிசல்காரர்.

தலைவர் இன்னும் சுழன்றவாறே இரு கரையாருக்கும் மாறி மாறிப் புல்லை மறுத்துக்கொண்டிருக்கிறார். ஆடுகள் திட்டில் இறங்கி மேயத் தொடங்கிவிட்டன.