கதவைத் திறந்தது யார்

அமராவதி மலேசியாவின் ரவாங் ஊரில், கையுறைத் தொழிற்சாலையில் உறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவள். கதை படிப்பதில் பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் கணவர் லிங்கேஸ்வரனோடு புக்கிட் செந்தோசா வாசகர் வட்டத்துக்குப் போய்வருவாள்.

அங்கே ஒரு விதி உண்டு. எழுதியவர் பெயரை மறைத்துக் கதையை நகலெடுத்துக் கொடுப்பார்கள். எல்லோரும் வரிசையாகக் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. முகத்துக்காகப் புகழ்கிறவர்களை அடக்க வேறு வழியில்லை.

அன்றைய கதையை ‘நான்’ என்று ஒருவன் சொல்கிறான். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். வாசற்கதவு திறந்திருந்தது. மூன்று வயது மகள் வெளியே போய், ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டையில் விழுந்து இறந்துவிட்டாள். கதவைத் திறந்தது யார், அவன் எங்கே இருந்தான், ஒன்றும் சொல்லவில்லை.

படித்ததும் அமராவதிக்குப் புரிந்துவிட்டது. அது பத்தாங் காலி ஊரில் முன்பு அவர்கள் இருந்த வீடு. அந்தப் பிள்ளை அவர்கள் மகள் தர்ஷினி. இங்கே குடிவந்த பிறகு யாரிடமும் சொல்லாத சங்கதி; எழுதியது கணவர்தான். மகாலட்சுமி வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாமி அறைக்குப் போனவள் அவள்தான். பிள்ளையே தாழ்ப்பாளை இழுத்துவிட்டது என்று பதினோரு வருடமாகக் கணவரிடமும் சாதித்திருந்தாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவானந்தம், கதைசொல்லி மழுப்புகிறான், குற்றவாளியே அவன்தான் என்று அடித்துச் சொன்னார். வட்டத்தில் இன்னொருத்தியான பிரமிளாவும் விடவில்லை.

“அவன்தான்லா தொறந்திருப்பான். பேச்சுலயே தெரியுது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். லிங்கேஸ்வரன் தரையைப் பார்த்தபடி இருந்தார். அமராவதி எழுந்து போனால் ஏன் என்று கேட்பார்கள். சும்மா இருந்தால், கொஞ்ச நேரத்தில் எழுதியவர் பெயர் வெளியாகும். பெற்ற மகளைச் சாகவிட்ட பழி அவர் தலையில் விழும். உண்மையைச் சொன்னால் அவளால் இந்த ஊரில் முகம் காட்ட முடியாது.

அவள் முறை வந்தது.

“அவரு தொறக்கல சார். நான்தான் தொறந்து வச்சேன். அது எங்க புள்ள.”

லிங்கேஸ்வரன் விதியை மீறிப் பேசினார்.

“தெரியும் அமரா. புள்ள வெளிய போறத நான் பாத்தேன். நீ பின்னாலயே போவன்னு நெனச்சு டிவி பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.”

அவள் அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். அவரை மன்னிப்பதா, அவரிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. சிவானந்தம் கூட்டத்தை அத்தோடு முடித்தார். இனி இருவரும் ஒரே காரில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும்.