அர்ச்சனையில் நான் விட்டுவிட்ட பெயர்

என் மகன் முரளி சிறையில் இருக்கிறான். இதை வெளியே சொல்ல எனக்குப் பல வருடங்கள் ஆயின. திருநள்ளாற்று ஈசனையும் சனி பகவானையும் நம்பி வரும் உங்களிடம் இன்று சொல்கிறேன்.

நான் காரைக்கால் கோவில்பத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியன். வரலாறு நடத்தினேன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டான், குடிக்கத் தொடங்கினான். ஒரு நாள் மதுக்கடையில் நடந்த தகராறில் அவன் கையால் ஒருவர் இறந்துபோனார். இறந்தவருக்கும் ஒரு வீடு, ஒரு தாய் உண்டு. அதை மறந்துவிட்டு நான் எதையும் எழுதக் கூடாது.

தண்டனை கிடைத்து அவனை வெளியூர்ச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் நாலு மணி நேரப் பயணம். மாதம் ஒரு முறை என் மனைவி மங்கை மட்டும் போவாள். நான் போகவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டபோது, "பிரான்சுக்குப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டில் பிரான்சில் ஆள் இருப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம், "தம்பி வர்றப்ப எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொண்டாரச் சொல்லுங்க சார்" என்றார். எங்கள் ஊர்ப் பாரதியார் வீதியிலேயே ஒரு பாட்டில் வாங்கி, முரளி அனுப்பியதாகக் கொடுத்தேன். அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு போவேன். நளதீர்த்தத்தில் குளித்து எள் தீபம் ஏற்றுவேன். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்பார். என் பெயரைச் சொல்வேன், மங்கையின் பெயரைச் சொல்வேன். வரிசையில் தெரிந்தவர்கள் நிற்பார்களே என்று மகன் பெயரை விட்டுவிடுவேன். மனதுக்குள் மட்டும், "அவனைச் சீக்கிரம் வெளியே விடு" என்று வேண்டுவேன்.

அவன் வேறொன்றை வேண்டிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. சிறையிலிருந்தே தொலைதூரக் கல்வியில் பி.ஏ. சேர்ந்திருந்தான். பகலெல்லாம் அங்கே தறியில் வேலை, மற்ற நேரத்தில் படிப்பு. தேர்வு எழுத அந்த ஊரில் இருக்கும் கல்லூரிக்குப் போக வேண்டும். காவலுக்குப் போலீஸ் வந்தால்தான் போகலாம். வராத நாளில் அந்தப் பரீட்சை போச்சு. அப்படியே இழுத்து இழுத்து, கடைசித் தாள் ஒன்று மிஞ்சியது. அவனுடைய பதிவுக் காலமும் அந்தத் தேர்வோடு முடிகிறது. அதை விட்டால் எழுதிய அத்தனையும் வீண்.

அந்தத் தேர்வு சனிப்பெயர்ச்சி அன்று வந்தது.

சனிப்பெயர்ச்சி என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் கூட்டம். எங்கெங்கோ இருக்கும் போலீசையெல்லாம் திருநள்ளாற்றுக்கு அனுப்பிவிடுவார்கள். முரளியை அழைத்துப் போக ஆள் இல்லை. எந்த நாளை நான் வருடக்கணக்கில் எதிர்பார்த்திருந்தேனோ, அதே நாள் என் பிள்ளையின் படிப்புக்குக் குறுக்கே நின்றது.

சிறையிலிருந்து வந்த தொலைபேசியில் முரளியிடம் பேசிவிட்டு மங்கை என் எதிரில் வந்து உட்கார்ந்து இத்தனையையும் சொன்னாள். "அந்தத் தேர்வெல்லாம் கஸ்தூரிதானே பாக்குறா? உங்களுக்குக் கீழ டீச்சரா வேலை பாத்த பொண்ணு, இப்ப அந்தக் காலேஜ்லதானே இருக்கா. ஒரு போன் பண்ணுங்க."

"யாருக்குன்னு கேப்பாளே."

"கேட்டா சொல்லுங்க. பெத்த பிள்ளைதானே."

அன்று கோயிலில் அழுதுவிட்டேன். முதன்முறையாக வேறு மாதிரி வேண்டினேன். "விடுதலை எப்போது வேண்டுமானாலும் கொடு. அவன் இந்தப் பரீட்சையை எழுதட்டும்." வீட்டுக்கு வந்து கஸ்தூரியை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பையன் யாரு சார்?"

"தெரிஞ்சவர் ஒருத்தரோட மகன்" என்றேன்.

அவர் தேர்வுத் தேதியையும் தாளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "அவங்களை வெளிய கொண்டார முடியலன்னா நாம உள்ள போயிடலாம் சார். அனுமதி கேட்டுப் பாக்குறேன். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அதன்பின் தகவல் இல்லை. மறுபடி கேட்க எனக்குத் துணிவும் இல்லை.

பெயர்ச்சி அன்று காலை திருநள்ளாற்றில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் தொண்டில் இருந்தேன். பக்கத்தில் ராஜமாணிக்கம். தடுப்புக் கட்டையருகே ஓர் ஏட்டு, வெளியூர்க்காரர்.

"அய்யா, என் கால மிதிச்சிக்கிட்டே ஊருக்கெல்லாம் தண்ணி குடுக்குறீங்க. எனக்கும் ஒரு டம்ளர் குடுங்க" என்றார். கொடுத்தேன்.

"இன்னிக்கு எனக்கு உக்காந்த டூட்டி வர வேண்டியது சார். ஒரு கைதியப் பரீட்சைக்கு அழைச்சிட்டுப் போவணும். ஃபேனுக்குக் கீழ நாற்காலி, ரெண்டு டீ. சனி பகவான் புடிச்சி இழுத்தாந்து வெயில்ல நிறுத்திட்டாரு."

ராஜமாணிக்கம் சிரித்தார். "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்டேன்.

"அவனுக்கென்ன, யோகக்காரன். காலேஜ் டீச்சரம்மா ஒருத்தவங்க ஆளுங்கள அழைச்சிக்கிட்டு ஜெயிலுக்குள்ளயே வந்துட்டாங்களாம். இப்பதான் போன்ல சொன்னானுவ. தறிக்கூடத்த ஒதுக்கி பெஞ்சு போட்டிருக்கு. போன தடவ எஸ்கார்ட் இல்லன்னு விட்டுப்போன பயலுவளும் சேந்து எழுதுறானுவ."

நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

ஏட்டு விடவில்லை. "அவன் அப்பா காலேஜ் வாத்தியாராம் சார். ஒரு நாளு வந்து பாத்ததில்ல. அவனுக்குக் கோவமே கெடையாது. எங்கப்பா வாத்தியாரு, அதான் எனக்கு எழுத வருதுன்னு வேன்ல பெருமையாச் சொல்லுவான்."

"அது என் மகன்" என்றேன். ராஜமாணிக்கத்தின் காதில் விழும்படியே சொன்னேன்.

ஏட்டு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ராஜமாணிக்கம் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த சென்ட்டு?"

"பாரதியார் வீதியில வாங்குனது."

"நல்ல ஆளுங்க நீங்க. பிரான்சு சரக்குன்னு சம்பந்தி வீட்டுக்கெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போனேன்." பிறகு என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார். "போங்க சார். சாமியப் பாத்துட்டு வாங்க. இங்க நான் பாத்துக்குறேன்."

முரளி தேர்ச்சி பெற்றான். நன்றி சொல்லக் கஸ்தூரியை அழைத்து உண்மையைச் சொன்னேன். "ஹால் டிக்கெட்ல அப்பா பேரு இருக்குமே சார். அன்னிக்கே தெரியும்" என்றார். தெரிந்தும் என்னைக் கூச வைக்கவில்லை. தன் விடுப்பில், தன் சக ஆசிரியர்களைக் கெஞ்சி அழைத்துப் போனவர் அவர். சொந்த அப்பன் சொல்லக் கூசிய பெயரை வருகைப் பதிவில் அவர் உரக்கக் கூப்பிட்டிருக்கிறார். கடவுள் எனக்கு அனுப்பிய உதவி அந்தப் பெண்ணின் உருவில் வந்தது என்று நம்புகிறேன். தறிக்கூடத்தைத் திறந்துவிட்ட சிறைக் காவலர்களையும் தினமும் வணங்குகிறேன்.

அந்த வாரமே மகனைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "வாங்கப்பா. பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு பருவமும் அங்கேயே தேர்வு நடக்கிறது. புதிதாகச் சேர விரும்பும் கைதிகள் பலருக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வீட்டில் கிடக்கிறது. வீட்டார் கொடுப்பதில்லை, வெட்கம். அதை வாங்கி வருவது என் வேலை. போன மாதம் அம்பகரத்தூரில் ஒரு தாய், "அவன் செத்துட்டான்னு நெனச்சிக்கிட்டோம் சார்" என்று கதவைச் சாத்தப் பார்த்தார். "என் மகனும் உள்ளதாம்மா இருக்கான். எம்.ஏ. படிக்கிறான்" என்றேன். கதவு திறந்தது. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சான்றிதழை எடுத்துவந்தார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். நம்பிக் கேளுங்கள், வழி திறக்கும். நான் வீணாக்கிய வருடங்களை நீங்கள் வீணாக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமை குருக்கள் கேட்கும்போது அந்தப் பெயரையும் சொல்லுங்கள். நான் சொல்கிறேன், வரிசையில் யார் நின்றாலும்: முரளி, உத்திரட்டாதி நட்சத்திரம், மீன ராசி.