வெற்றிலை போட்ட வாய்

1. முதல் நாள் பாடம்

மாத்தளைப் பக்கம் உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு டிஸ்பென்சராகப் போன முதல் நாள், மருந்துப் போத்தல்களை எண்ணி முடிக்கும் முன்பே நடிப்பவர்களைப் பற்றி எனக்குப் பாடம் நடந்தது. நடத்தியவர் பெரிய கிளார்க்கர். என்னைப் போல யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தோட்டத்திலேயே தலை நரைத்தவர்.

"தம்பி, இஞ்ச வாறவையில பாதிப் பேருக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. துண்டு வாங்கத்தான் வருவினம். இரங்கினீரோ, தலையில ஏறி இருந்திடுவினம்" என்றார்.

துண்டு என்பது நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைத் தோட்டத்தில் பிரட்டுக்களம் என்பார்கள். அங்கே போவதற்கு முன் நோயாளிகள் என்னிடம் வர வேண்டும். நான் துண்டு கொடுத்தால் அன்று லயத்தில், அந்த வரிசை வீட்டு அறையில், படுத்திருக்கலாம், சம்பளம் இல்லை. கொடுக்காவிட்டால் கத்தியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போக வேண்டும்.

நடிப்புக்கு அங்கே எத்தனை பெயர்கள்! ஆட்களை மேய்க்கும் கங்காணி பெண்களைப் பற்றிச் சொல்லும்போது 'மாய்மாலம்' என்பார். ஆண்கள் என்றால் 'பாசாங்கு'. லயத்துப் பெண்கள் தங்களுக்குள் சண்டை பிடித்தால் 'பாவ்லா காட்டாதடி' என்பார்கள். கிளார்க்கரும் நானும் 'பம்மாத்து' என்போம். தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரே சொல்தான், 'ஆக்டிங்'. இந்தச் சொற்களை யாரும் மேலே பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. துரை தலைவலி என்று மூன்று நாள் பங்களாவை விட்டு இறங்காவிட்டால் அவருக்குச் சுகமில்லை. துரையின் உப்புச் சப்பில்லாத பகிடிக்குக் கிளார்க்கர் வயிறு குலுங்கச் சிரித்தால் அது மரியாதை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. இதெல்லாம் உறைக்கவில்லை.

நானும் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நோயாளர் புத்தகத்தில், நடிக்கிறார் என்று நான் முடிவு செய்த ஆளின் பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு 'ந' போடுவேன். 'ந' விழுந்தவர்களுக்கு ரோஸ் நிறத் தண்ணீரில் கொஞ்சம் பெப்பர்மின்ட் கலந்து ஒரு அவுன்ஸ். மருந்து மிச்சம், ஆளும் போய்விடுவார். கிளார்க்கர் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

2. ராமாயி கேட்ட ஒரு வரி

நான் போய் ஓராண்டு ஆகியிருக்கும். எழுபதுகளின் அந்தப் பஞ்ச காலத்தைக் கண்டவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பங்கீட்டு அரிசியை வெட்டினார்கள், மாவை வெட்டினார்கள். கூட்டுறவுக் கடையில் வாரக்கணக்கில் வெறும் பலகைதான் இருந்தது. மாத்தளைச் சந்தைக்கு நடந்து போனவர்கள் ஒரு துண்டு மரவள்ளியோடு திரும்பினார்கள். எனக்கும் கஷ்டம்தான். ஆனாலும் என் பாத்திரம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

ராமாயி பால் வெட்டுகிறவள். முப்பது வயதுக்குள். புருஷன் காளிமுத்து, இரண்டு பிள்ளைகள். தலைசுற்று என்று அந்த மாதம் நான்கு தரம் வந்தாள். காய்ச்சல் இல்லை. கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அந்த வருடம் எல்லாருக்கும் வெளுத்துத்தான் இருந்தது.

காலையில் சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு தரமும் கேட்டேன். "ரொட்டி சாப்பிட்டேங்க" என்றாள். வாய் செக்கச் செவேல் என்றிருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டு, ஆற அமர வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்து தலைசுற்று என்கிறாளே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

நான்காம் தரம் வந்தபோது அவள் மருந்து கேட்கவில்லை.

"ஐயா, துண்டு வேணாங்க. வீட்ல படுத்தா அன்னிக்கிப் பேர் போயிரும், சம்பளம் வராது. மேமலைக்கி ஏறத்தான் முடியல. கீழ் மரத்துக்கு மாத்தச் சொல்லி ஒரு வரி எழுதிக் குடுங்க."

வாசலில் நின்ற கங்காணியைப் பார்த்தேன். கீழ் மரத்தில் பால் வெட்ட எல்லாருக்கும் ஆசைதான் என்றும், இது புது மாய்மாலம் என்றும் அவர் சொன்னார். நடிக்கிற ஆள் துண்டு வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கேள்வி என் புத்திக்கு எட்டவில்லை. கேட்டதை எழுதிக் கொடுத்தால் கிளார்க்கர் என்னை ஏமாந்தவன் என்று நினைப்பாரே என்பதுதான் எட்டியது. 'ந' போட்டேன். ரோஸ் தண்ணீரை ஊற்றினேன். நின்றபடியே குடித்துவிட்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு அவள் மலை ஏறினாள்.

பத்து மணிக்கு அவளைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பால் வாளியோடு சரிவில் விழுந்து கல்லில் மோதியிருக்கிறாள். சேலையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. காயம் பெரிதில்லை. எழுந்திருக்கத்தான் உடம்பில் ஒன்றும் இல்லை. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள், என் மருந்துக் கட்டிலிலேயே அடங்கிவிட்டாள்.

3. காரணம்

தோட்டத்தில் ஒரு மரணம் நடந்தால் காரணத்தை டிஸ்பென்சர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பின்னேரம் கிளார்க்கர் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"சாப்பாடு கீப்பாடு எண்டு ஒண்டும் எழுதிப் போடாதையும். துரைக்கும் கரைச்சல், உமக்கும் கரைச்சல். இரத்தசோகை எண்டு எழுதும். அது பொய்யில்லைத்தானே."

பொய்யில்லைத்தான். எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அடிக்கட்டை சான்றிதழ்ப் புத்தகத்தில் இருந்தது. என் கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை.

4. செத்த வீட்டில்

அடக்கம் முடிந்த மறுநாள் லயத்துக்குப் போனேன். முகத்தைக் காட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றுதான் போனேன். போகும் வழியிலேயே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

காளிமுத்து சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னான். மூத்த மகள் வெறுந்தேநீரும், உள்ளங்கையில் வைத்துக் கடிக்கச் சின்னக் கருப்பட்டித் துண்டும் கொண்டு வந்தாள். அந்த வீட்டில் அதுதான் கடைசித் துண்டு என்று அவளுடைய தம்பி பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"வேண்டாம் பிள்ளை. இப்பதான் சாப்பிட்டுட்டு வந்தேன்" என்றேன்.

காளிமுத்து என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வெத்தலை போட்டுக்கிட்டு சொல்லியிருந்தா நம்பியிருப்பேங்க."

எனக்கு விளங்கவில்லை. அவன் கோபப்படவில்லை, அழவும் இல்லை. மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனான். இருந்த ரொட்டியைப் பிள்ளைகளுக்கும் அவனுக்கும் வைத்துவிட்டு, ராமாயி அடுப்படியில் போய் வெற்றிலை போட்டுக்கொள்வாளாம். நீ சாப்பிட்டாயா என்று கேட்டால் வாயைத் திறந்து காட்டுவாளாம். பசியும் அடங்கும், கேட்கிறவர்களும் அடங்குவார்கள். அவள் போன பிறகு மாவை அளந்த மகள்தான், அது மூன்று பேருக்கு மேல் காணாது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு மாசமா என்னைய ஏமாத்தியிருக்கா, ஐயா. பக்கத்துலயே படுத்திருந்தேன், எனக்கே தெரியல. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான் என்று புரிந்தபோது அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. அவனுக்குத் தெரியாமல் போனது அவன் குற்றமில்லை. அவனிடம் அவள் மறைத்தாள். என்னிடம் வந்து கேட்டாள்.

திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தேன். ராமாயி, ராமாயி, ராமாயி, ராமாயி. நான்குக்கும் எதிரே என் கையெழுத்தில் 'ந'. அழிக்க மனம் வரவில்லை. அழித்தால் அது இன்னொரு பொய்.

அந்த நடிப்புக்கு எங்களிடம் பெயர் இருக்கவில்லை. சுகம் இருந்தும் இல்லை என்பவர்களுக்கு இத்தனை சொல் வைத்திருந்தோம். சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்பவளுக்கு ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் இந்த வேலை பார்த்தேன். சாப்பிட்டாயா என்று யாரையும் கேட்டதில்லை. நேற்று அடுப்பில் என்ன வெந்தது, எத்தனை பேருக்கு வைத்தாய், உனக்கு எதில் வைத்தாய் என்றுதான் கேட்பேன். மூன்றாவது கேள்வியில் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ரோஸ் தண்ணீரை அன்றே வாசலில் கொட்டினேன்.

அப்புறம் சான்றிதழ்ப் புத்தகத்தில் அந்த அடிக்கட்டையைப் புரட்டினேன். 'இரத்தசோகை' என்று எழுதி, கீழே என் பெயரை வடிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பேனையை எடுத்து என் பெயருக்கு எதிரே ஒரு 'ந' போட்டேன். நான் போட்ட கடைசி 'ந' அது. அது ஒன்றுதான் சரியான ஆளுக்கு விழுந்தது.