பானெட்டுக்குள் கிடந்த குறடு

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஊருக்கே கண்ணைத் திறந்துவிட்டவர் என்று பெயர். ஒரு கிழவருக்கு அவர் மாட்டிவிட்ட கண்ணாடி அவ்வளவு துல்லியமாம்; வீட்டுக்குப் போன மனிதர், ஆயுசெல்லாம் கூட வாழ்ந்த மனைவியைப் பார்த்து, "யாரும்மா நீ, என்ன வேணும்?" என்று விசாரித்தாராம். நம்பாதவர்கள் அந்த அம்மாளையே கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை தன் பழைய காரின் முன்னால் மண்டிபோட்டுக் கிடந்தார். எஞ்சின் சூடேறுகிறதே, தண்ணீர் ஊற்றலாம் என்று உள்ளேயிருக்கும் பிடியை இழுத்தால் பானெட் அசைந்துகொடுக்கவில்லை. முன்பக்கக் கம்பிகளின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். பூட்டின் கொக்கியோடு கட்டிப்புரண்டு கிடந்தது சிவப்புப் பிடி போட்ட குறடு. அவருடைய குறடேதான்.

டார்ச்சை அணைத்துவிட்டுத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

அவர் வீட்டு ஷெட் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தை வெள்ளைப் பெயின்டில் வரைந்து, அந்தந்த இடத்தில்தான் மாட்டிவைப்பார். போன மாதம் காருக்குப் பேட்டரி மாற்றிய அன்று சாயந்தரம் குறட்டின் உருவம் மட்டும் வெறுமையாக இருந்தது. அன்றைக்குக் கூடமாட ஒத்தாசை செய்தவர் தங்கை வீட்டுக்காரர், ரொட்டிக்கடை வைத்திருப்பவர். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் வெகு மரியாதையாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, கைமறதியா உங்க பைக்குள்ள எதையாவது போட்டுக்கிட்டீங்களான்னு பாருங்க."

பாதிச் சாப்பாட்டில் தங்கை எழுந்து கைகழுவினாள். அப்புறம் அவள் அந்த வீட்டு வாசல் பக்கமே வரவில்லை.

கைமறதி யாருடையது என்பது இப்போது பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது. அவர்தான் ரேடியேட்டர் மேலே குறட்டை வைத்துவிட்டு, பானெட்டை ஓங்கிச் சாத்தியிருக்கிறார். வண்டி குலுங்கக் குலுங்க அது நகர்ந்து போய்ப் பூட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது.

இதில் இன்னும் வெட்கம் எதுவென்றால், அவருக்கு முதலில் தோன்றிய யோசனை. யாருக்கும் தெரியாமல் எடுத்துச் சாக்கடையில் போட்டுவிடலாம்.

ஆனால் சிக்கிய பானெட்டைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பிடியை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் வெளியே பானெட்டை அமுக்க வேண்டும். இவர் பிடியில் கயிற்றைக் கட்டி ஸ்டியரிங்கில் முறுக்கிவிட்டு, முன்னால் ஓடிவந்து பானெட்டின் மேல் உட்கார்ந்தார். கயிறு நழுவியது. திரும்ப ஓடினார். அவர் காரைச் சுற்றிய சுற்றில் பக்கத்து வீட்டு நாய் தலைசுற்றிப் படுத்துக்கொண்டது.

மனைவி ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"ஏங்க, நான் வந்து அமுக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். கையில கிரீஸ் ஆயிடும்."

"இத்தனை வருஷத்துல என் கை மேல வராத அக்கறை" என்றபடி அவள் உள்ளே போய் ரொட்டிக்கடைக்குப் போன் போட்டாள்.

மாப்பிள்ளை வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "அக்கா கூப்பிட்டாங்க, வந்தேன். உள்ள உக்காருங்க மச்சான். நான் அமுக்கும்போது இழுங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டே கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே போய் உட்கார்ந்தார். மூட்டை மூட்டையாய் மாவு பிசைந்த கை, பானெட்டை ஒரே அமுக்கு. இவர் இழுத்தார். டக்கென்று திறந்துகொண்டது. தூக்கிய பானெட் அவருக்கு முன்னால் சுவர்போல நின்றது. அந்தச் சுவர் அப்படியே நிற்கக் கூடாதா என்றிருந்தது அவருக்கு.

மாப்பிள்ளை சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார். கையில் குறடு.

"எடுத்தவன்னு பேரு வாங்கியாச்சு மச்சான். பொருளையாவது எடுத்துக்கிறேன்."

சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினார்.

மனைவிக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"ராத்திரி போன்ல பேசிக்கிறேன்."

"பழி போட்டது நாலு பேரு முன்னாடி. மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா?"

ரொட்டிக்கடையில் நல்ல கூட்ட நேரம். கல்லாவில் தங்கை இருந்தாள். அண்ணனைப் பார்த்தும் பார்க்காததுபோல் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தாள். வரிசையில் பாதிப் பேர் அவர் கடை வாடிக்கையாளர்கள்; வணக்கம் வேறு சொன்னார்கள். அவர் வரிசையைத் தாண்டிக் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"குறடு வண்டியிலயே இருந்துச்சு. மாப்பிள்ளை எடுக்கல. நான்தான் மறந்து வச்சுட்டு அவர் மேல பழியப் போட்டேன்."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் தங்கை.

அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. ரொட்டியைக் கையில் வைத்திருந்தவர்கள் ரொட்டியையே பார்த்தார்கள்.

தங்கை கல்லாவைச் சாத்தினாள். "சாயந்தரம் அண்ணியைச் சாப்பிட வரச் சொல்லு. கூட நீ வந்தா வா."

அவர் கல்லாவை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"மச்சான்" என்று அடுப்புப் பக்கமிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வியாபாரம் நடக்கட்டும்."