பூஜையில் வைத்த கைப்பிடி

பழவங்காடிக்குச் சற்று அப்பால் இருந்த ஒரு பெட்ரோல் பங்க்கை என் கணவர் முதலாளிக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்புறத்தில்தான் எங்கள் வீடு; மாமியாரும் எங்களோடு இருந்தார். பையன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். வேலை முடிந்து வந்தவர் குளித்து வேட்டி மாற்றாமல் அவனைத் தூக்க நான் விடமாட்டேன். அடுப்பு எரியும் பக்கமும் வரக் கூடாது.

"நான் என்ன தீட்டா?" என்று சிரிப்பார்.

பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கிற நெருப்பைப் பற்றிக்கொண்டு திரும்பும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். தவழும் குழந்தையும் தரையோடுதானே போகிறது?

பங்க்கில் இருந்தது ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஓர் இரும்புத் தூண். அதன் தலையில் கண்ணாடிக் குடுவை. பக்கவாட்டுக் கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் பூமிக்கடியிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் குடுவைக்கு ஏறும்; அளவுக்கோட்டைத் தொட்டதும் ரப்பர் குழாய் வழியே வண்டிக்குள் இறங்கும். என்ஜின் நின்றிருக்க வேண்டும், குழாயின் முனை வண்டித் தொட்டியின் வாயை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். பம்ப் பழுதானால் மட்டும் கொட்டகையிலிருக்கும் பீப்பாயில் ஒரு டியூபை விட்டு, வாயால் உறிஞ்சி, வாளியில் பிடித்து ஊற்றுவார்கள். உறிஞ்சுகிறவன் புரையேறி இருமுவதைக் கேட்டிருக்கிறேன். கொட்டகைக்கு அடுத்தாற்போல் ஒரு டீக்கடை. அங்கே அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முதலாளி வந்தார். சாலைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர்.

"பம்புக்குச் சந்தனம், குங்குமம் வச்சு, ஒரு சூடம் காட்டிருங்க சாமி."

"பெட்ரோல் பக்கத்துல சூடமா அண்ணாச்சி?"

"வருசா வருசம் கடையில தராசுக்குக் காட்டுதேன். எரிஞ்சா போச்சு?"

"தராசு பெட்ரோல் குடிக்கறதில்லையே."

முதலாளி சிரித்தாரே ஒழிய விடுவதாக இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கணவரை உள்ளே கூப்பிட்டு, "ஏன்னா, கைப்பிடியை மட்டும் கழட்டி ஆத்துல பூஜையில வெச்சுட்டா போறாதா? அதுவும் ஆயுதந்தானே" என்றேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, குங்குமமிட்டு, அஷ்டமி மாலை சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு வைத்தோம். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது. அதுவரை பங்க்குக்கும் ஓய்வு. பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு கார் தானே உருண்டு வந்து பங்க் வாசலில் நின்றது. மலையாளி டிரைவர் குதித்து ஓடி வந்தான்.

"சாமி, பெட்ரோல் தீந்துபோச்சு. உள்ளே அம்மா பிரசவ நோவெடுத்துக் கிடக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும், வேகம்!"

"கைப்பிடி பூஜையில இருக்கேப்பா."

"பீப்பா இருக்கல்லோ! டியூபை எடுங்கோ, நான் வலிச்சுத் தாரேன்."

காருக்குள்ளிருந்து முனகல் கேட்டது. என்னைவிடச் சிறியவளாக இருப்பாள். இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கணவர் தயங்கிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். டீக்கடையில் யாரோ அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

நான் பூஜை அறைக்குப் போனேன். பின்னாலேயே மாமியார் வந்தார்.

"என்னடீ பண்றே? பூஜை எடுக்காம தொடுவாளோ? ஆத்துல கொழந்தை இருக்கு, நெனச்சுக்கோ."

குழந்தையைத்தான் நினைத்தேன். எந்தப் பக்கம் நினைத்தாலும் பயமாகவே இருந்தது. மேலே இருந்த புத்தகங்களை நகர்த்தி, கைப்பிடியை உருவிக்கொண்டு ஓடினேன்.

கணவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைப்பிடியை மாட்டி அசைக்கத் தொடங்கினார். குடுவையில் பெட்ரோல் ஏறியது. அவ்வளவு மெதுவாக எதுவும் ஏறி நான் பார்த்ததில்லை. கார் போன பிறகு பார்த்தேன், அவருடைய உள்ளங்கையெல்லாம் குங்குமம்.

கைப்பிடியைத் திரும்பவும் கழுவி இருந்த இடத்திலேயே வைத்தேன். அது சரியா என்று கேட்க யாருமில்லை. மாமியார் என்னோடு பேசவில்லை.

விஜயதசமி காலை, பூஜை எடுப்பதற்கு முன்பே அந்த டிரைவர் வந்து நின்றான்.

"தாய்க்கு ஆபத்தில்லே, சாமி. பெத்த குஞ்ஞு செத்துப்போயிட்டு. அதை வீட்டுக்குக் கொண்டுபோகணும். நேத்து ஊத்தினது தீரப்போறது."

கைப்பிடியைத் தொடாமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமோ என்று நினைக்கவும் எனக்குத் துணிவில்லை. வாளியில் பிடித்திருந்தால் என்னவெல்லாம் எரிந்திருக்கும் என்று நினைக்கவும் துணிவில்லை. மாமியார் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்லப்போகிற சொல்லுக்காகத் தலை குனிந்து நின்றேன்.

அவர் உள்ளே போனார். புத்தகங்கள் நகரும் சத்தம் கேட்டது. கைப்பிடியைத் தாமே எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"பூஜையை அப்பறம் எடுத்துக்கலாம். அவனை நிக்க வெக்காதே, போ" என்றார்.