பல்லைச் சீராகக் கொடுக்கும் ஊர்

சீமையிலே லங்காஷயரில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஹில்டா அம்மையார், காலையில் பால் புட்டியை உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் பல்லை மாட்டுவார். அதுவரை இரண்டு வரிசையும் சமையலறை ஜன்னலில், டம்ளர் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருக்கும். வயது நாற்பதுதான். ஏதோ நோயாக்கும் என்று முதலில் பரிதாபப்பட்டேன். நோயுமில்லை, நொடியுமில்லை. கல்யாணத்துக்கு முன் அவருடைய அப்பாவே நல்ல பற்களையெல்லாம் பிடுங்கச் செய்து, பொய்ப்பல் கட்டிக் கொடுத்தாராம். பின்னாளில் இவர் பல்வலியால் புருஷனுக்குச் செலவு வைக்கக் கூடாதாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

என் பல்லின் கதை வேறு. எங்கள் ஊர் பீளமேட்டு நூல் மில்லிலிருந்து வேலை பழக இங்கே வந்த ஐந்தாவது குளிர்காலத்தில், பனியில் வழுக்கி விழுந்து முன்பல் பாதி உடைந்தது. டாக்டர் மிச்சமிருந்த வேருக்குள் உலோகக் குச்சி இறக்கி, அதன்மேல் பீங்கான் பல்லை நட்டார். நாலு மாதம் நின்றது. ஒருநாள் கருகிய ரொட்டி ஓரத்தைக் கடித்தேன். வேர் பிளந்து, குச்சியும் பல்லுமாகக் கையில் வந்துவிட்டது. இனி நட முடியாது என்றார். இருபக்கத்துப் பற்களையும் ராவிப் பாலம்போல் கட்டலாம், அல்லது கழற்றி மாட்டும் தகட்டுப்பல் வைக்கலாம், அல்லது ஓட்டையோடேயே இருக்கலாம். ஒருவன் போனதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்களை ஏன் அறுக்க வேண்டும்? தகடுதான் என்றேன், அரைமனதாக.

அன்னூரில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்த நேரம் அது. ஹில்டா அம்மையார் என் ஒற்றைப் பல்லைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "மொத்தத்தையும் எடுத்துவிடேன். பெண்ணுக்கு அவள் அப்பா முடித்துவிட்டாரா?" நிச்சயத்தைக் கேட்கிறார் என்று நினைத்து ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

பல் போனதை வீட்டுக்கு எழுத வெட்கம். பெண் வீட்டாரிடம் இருக்கும் போட்டோவில் நான் முழுப் பல்லோடு சிரிக்கிறேன். காகிதத்தை நிரப்ப, இந்த ஊரில் பெண்ணின் அப்பா பல்லைச் சீராகக் கொடுக்கும் வேடிக்கையை எழுதிப்போட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். "அவங்க ஊட்ல இப்படிச் செஞ்சாங்களாமுங்க" என்று ஊரார் மேல் வைத்துத்தான் கேட்பார்கள். ஐந்து வருடத்தில் அது எனக்கே மறந்துபோயிருந்தது.

அம்மாவின் பதில் வந்தது. என் கடிதத்தை அவள் பெண் வீட்டாருக்கும் படித்துக் காட்டியிருக்கிறாள். பெண்ணின் அப்பா பஸ் ஏறிப் பீளமேட்டுக்கே வந்துவிட்டாராம். "ஏனுங்க சம்மந்தி, நகை கேட்டாப் போடுவமுங்க. பல்லப் புடுங்கச் சொன்னா எப்படீங்க? புள்ள ரெண்டு நாளா வாயவே தொறக்க மாட்டீங்கறாளுங்க." அடியில் அம்மா கேட்டிருந்தாள்: "அவங்க வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்களாட்டம் இருக்குது. உனக்கு என்ன கண்ணு ஆச்சு?"

என்ன ஆச்சு என்று எனக்கும் தெரியவில்லை. கேட்டவன் நானா, வேடிக்கை பார்த்தவன் நானா? பொய்ப்பல்காரன் என்று தள்ளினால் தள்ளட்டும் என்று, உடைந்தது, நட்டது, பிளந்தது அத்தனையையும் அன்னூருக்கே எழுதினேன். மூன்று வாரம் தபால்காரனுக்காக வாசலில் நின்றேன். பதில் அந்தப் பெண்ணிடமிருந்தே வந்தது, இரண்டே வரி: "உங்களுக்கு ஒண்ணுதானுங்க போச்சு. எம்பல்லு இருக்கட்டுமுங்க, ரெண்டு பேருக்கும் ஆகும்."

கல்யாணமாகி அந்தப் பெண், சரோஜா, இங்கே வந்து எட்டு மாதமாகிறது. வெளியே கிளம்பினால் பல்லை மாட்டுகிறேன். வீட்டில் அவளோடு பேசக் கழற்றிவிடுகிறேன். இதில் எது என் வாய் என்று இன்னும் விளங்கவில்லை. அவள் வந்த அன்று ஹில்டா அம்மையார், நான் முன்பு தலையாட்டியதை நம்பி, ஜன்னலில் அவருடைய பல் டம்ளருக்கும் என்னுடையதற்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். எதற்கென்று அவளிடம் நான் சொல்லவில்லை. சரோஜா தினமும் அதில்தான் காப்பி குடிக்கிறாள்.